பாதி வீட்டைக் காலி செய்தால் கையில் காசு தங்குமா? (செந்தூல், இரண்டு சம்பளம், 20-ஆம் தேதிக்கு மேல் கார்டு)

செந்தூல்_குடித்தனம்:

வணக்கம். நானும் மனைவியும் கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். 850 சதுர அடி, மூன்று அறை. மூன்றாவது அறையில் கால் வைக்க இடமில்லை. பிள்ளைகள் இன்னும் இல்லை. இருவர் சம்பளமும் சேர்த்து, இபிஎஃப் (சேமநிதி), சொக்சோ (சமூகப் பாதுகாப்பு), வரி எல்லாம் போகக் கைக்கு வருவது 6,700 வெள்ளி (ரிங்கிட்). மாதச் செலவு இது:

வாடகை 1,400
மைவி 1.5 கார் தவணை 610
ஆக்சியா கார் தவணை 430
பெட்ரோல், டோல், பார்க்கிங் 620
கிரெடிட் கார்டு (பாக்கி 7,800, குறைந்தபட்சத் தொகை மட்டும்) 390
பே லேட்டர் (இப்போது வாங்கிப் பிறகு கட்டுவது) தவணைகள் 240
காப்புறுதி, இருவருக்கும் 380
மளிகை, மாமாக் கடை, தாப்பாவ் (பார்சல் சாப்பாடு) 1,350
அம்மா அப்பாவுக்கு 400
கூட்டு (மாதச் சீட்டு) 200
போன், இண்டர்நெட், படம் பார்க்கும் சந்தாக்கள் 330
மின்சாரம், தண்ணீர் 160

மொத்தம் 6,510. கணக்குப்படி 190 மிஞ்ச வேண்டும். ஆனால் 20-ஆம் தேதிக்கு மேல் கார்டைத் தேய்த்துத்தான் வண்டி ஓடுகிறது. கார்டு ஸ்டேட்மெண்டில் வட்டி 18% என்று போட்டிருக்கிறது. இரண்டு மூன்று மாதம் கட்டத் தாமதமானது உண்மை.

மினிமலிசம் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பாதிப் பொருளை விற்று, குறைவாக வைத்துக்கொண்டு வாழலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். எங்கே தொடங்குவது? அக்காவுன் ஃபிளெக்சிபலில் (இபிஎஃப்-இல் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய பகுதி) இருவருக்கும் சேர்த்து 3,100 இருக்கிறது, அதை எடுத்துக் கார்டில் போடலாமா? காப்புறுதியில் ஒன்றை நிறுத்தலாமா?


கணக்குப்பிள்ளை_கேஎல்:

வரி வரியாகப் போட்டீர்களே, அதுவே பெரிய உதவி தம்பி. மூன்றாவது அறை ஓடிப்போகாது. முதலில் அந்த 190 எங்கே போகிறது என்று பார்ப்போம்.

உங்கள் பட்டியலில் மாதாமாதம் வருபவை மட்டும்தான் இருக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறை வருபவை ஒன்றுகூட இல்லை. பழைய ரசீதுகளைப் பார்த்துச் சரியான தொகையை நீங்களே போடுங்கள். இப்போதைக்கு உத்தேசமாக எழுதுகிறேன்: இரண்டு கார் காப்புறுதி 1,900. ரோட் டேக்ஸ் மைவிக்கு 90, ஆக்சியாவுக்கு 20. இரண்டு காருக்கும் சர்வீஸ் 1,200. டயர், பேட்டரி ஆண்டுச் சராசரி 700. தீபாவளி 1,500. மொய், தைப்பூசம், ஊருக்குப் போய்வர 1,000. பிரிட்ஜ், வாஷிங் மெஷின் பழுது 190. ஆக 6,600. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 550.

190 மிச்சம் என்றீர்கள். 550-ஐக் கழித்தால் மாதம் 360 குறைகிறது. அந்த 360-தான் கார்டில் ஏறுகிறது.

இப்போது கார்டுப் பக்கம் வாருங்கள். 7,800-க்கு 18% என்றால் மாத வட்டி 117. நீங்கள் கட்டும் 390-இல் 117 வட்டிக்குப் போய், 273-தான் அசலில் கழிகிறது. அதே மாதம் 360-ஐ மறுபடி தேய்க்கிறீர்கள். ஒழுங்காகக் கட்டியும் பாக்கி மாதம் 87 வெள்ளி வளர்கிறது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. 20 நாள் வட்டியில்லாக் காலம் என்பது போன மாதப் பாக்கியை முழுதாகக் கட்டியவருக்கு மட்டும். பாக்கி வைத்திருப்பவர் அந்தக் கார்டில் ஒரு தே தாரிக் வாங்கினாலும் அது கணக்கில் பதிவான நாளிலிருந்தே வட்டி ஓடும். ஆகவே பாக்கி தீரும்வரை அந்தக் கார்டில் ஒரு சென்கூடத் தேய்க்கக் கூடாது. கார்டை வெட்டிப் போடுவதால் பயனில்லை. எண் ஷாப்பிங் செயலியில் சேமிக்கப்பட்டிருக்கும், அங்கே போய் நீக்குங்கள். சந்தாக்களும் டோலுக்கான ரீலோடும் அந்தக் கார்டில் தானாகப் பிடிபடும். அவற்றை டெபிட் கார்டுக்கு மாற்றுங்கள். மாற்றும்போதே எந்தச் சந்தா வேண்டாம் என்று தெரிந்துவிடும்.

குறைந்தபட்சத் தொகை என்பது பாக்கியில் 5%, அல்லது 50 வெள்ளி, இரண்டில் எது அதிகமோ அது. பாக்கி குறையக் குறைய அந்தத் தொகையும் குறையும். பொறியே அங்கேதான் இருக்கிறது. புதிதாக ஒன்றும் தேய்க்காமல், வங்கி கேட்கும் குறைந்தபட்சத்தை மட்டும் கட்டினால் 7,800 தீர ஏறக்குறைய 80 மாதம் ஆகும். இன்று கட்டும் 390-ஐயே குறைக்காமல் கட்டி வந்தால் 24 மாதம், வட்டி மொத்தம் 1,540 சுமார். அதனால் 390-க்கு நிலையான கட்டளை போட்டு வையுங்கள், கடைசி நாளுக்கு ஐந்து நாள் முன்பாக. ஒரு நாள் பிந்தினாலும் பாக்கியில் 1% தாமதக் கட்டணம், குறைந்தது 10, அதிகபட்சம் 100 வெள்ளி. பன்னிரண்டு மாதம் தொடர்ந்து குறைந்தபட்சத்தையாவது நேரத்தோடு கட்டியவருக்கு வட்டி 15%. பத்து மாதமாவது நேரத்தோடு கட்டியவருக்கு 17%. மற்றவருக்கு 18%. உங்கள் 18% எங்கிருந்து வந்தது என்று இப்போது புரியும்.

பே லேட்டரைக் கார்டுக்கு முன்பே தீர்த்துவிடுங்கள். 'மாதம் 1.5%தான்' என்று போட்டிருப்பார்கள். 600 வெள்ளிப் பொருளுக்கு ஆறு மாதம் என்றால் கட்டணம் 54, தவணை 109. ஆனால் மாதாமாதம் அசல் குறைந்தும் முழு 600-க்கே கட்டணம் போடுகிறார்கள். உண்மை வட்டியாக மாற்றினால் மாதம் 2.5%, ஆண்டுக்கு 30% சுமார். கார்டைவிட மோசம்.

வரி விஷயம் போகிற போக்கில்: வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 இருக்கிறது என்று ஆண்டுக் கடைசியில் போனும் டேப்லெட்டும் வாங்குபவர்கள் உண்டு. உங்கள் வருமானத்துக்கு மேல்படி விகிதம் பெரும்பாலும் 6%. 2,500-க்குப் பொருள் வாங்கினால் மிஞ்சும் வரி 150. வீட்டு இண்டர்நெட் கட்டணம் அந்தக் கழிவில் சேரும். பில் அதிக வரி கட்டுபவர் பெயரில் இருக்கட்டும், அது போதும்.


வெற்று_அலமாரி:

கணக்கை அண்ணன் பார்த்துட்டார். நான் மூணாவது ரூமுக்குள்ள போறேன்.

முதல் எச்சரிக்கை: அடுக்கி வைக்கன்னு பிளாஸ்டிக் டப்பா, தட்டு, ரேக் எதுவும் இப்ப வாங்காதீங்க தம்பி. குறைக்கிறேன்னு ஆரம்பிக்கிறவங்க முதல்ல ஓடுறது சாமான் கடைக்குத்தான். டப்பா கிடைச்சா வேண்டாத பொருளுக்கும் ஒரு வீடு கிடைச்சிடும். எல்லாம் குறைச்சு முடிச்சப்புறம் பாருங்க, இருக்கிற டப்பாவே மிஞ்சும்.

அந்த ரூமை இப்போதைக்கு மூடியே வைங்க. அடுப்படியில ஆரம்பிக்கணும். அங்க குறைச்சா அந்த வாரமே காசு தெரியும்.

அலமாரி, பிரிட்ஜ், ஃப்ரீசர் மூணையும் ஒரே நாள்ல வெளிய எடுத்து, தரையில பரப்பி, எழுதுங்க. மூணு பாக்கெட் கடுகு, ரெண்டு பாதி சாம்பார்த் தூள், போன தீபாவளி முறுக்கு மாவு எல்லாம் வரும். அடுத்த ரெண்டு வாரம் பால், முட்டை, காய்கறி தவிர எதுவும் வாங்காம அதைச் சமைச்சே தீருங்க. பட்டியலை பிரிட்ஜ் கதவுல ஒட்டி, தீர்ந்ததை அடிச்சுக்கிட்டே வாங்க.

அதுக்கப்புறம் அளவை மாத்துங்க. ரெண்டு பேருக்கு 10 கிலோ அரிசி மூட்டை வேண்டாம். கோலாலம்பூர் ஈரத்துக்கு ரெண்டாவது மாசமே வண்டு வந்திடும். வண்டு முட்டை மூட்டையிலயே இருக்கும், வெளியிலிருந்து வர்றதில்லை. 5 கிலோ வாங்குங்க. ஃப்ரீசர்ல இடமிருந்தா வாங்கின உடனே நாலு நாள் உள்ள வச்சு எடுத்தா முட்டை செத்திடும். எடுத்ததும் பையைத் திறக்காம வெளிய வச்சு, அறைச் சூட்டுக்கு வந்தப்புறம் திறங்க. இல்லன்னா ஈரம் கோத்துக்கும். பருப்பு ஒவ்வொண்ணும் அரை கிலோ. மிளகாய்த்தூள், மல்லித்தூள் கால் கிலோவுக்கு மேல வேண்டாம், அதையும் பிரிட்ஜ்ல வைங்க. கட்டி தட்டி நிறம் மங்கினா தூக்கிப் போட்டுடுங்க.

கோழி முழுசா வாங்கினா கடையிலயே வெட்டச் சொல்லி, வீட்டுல 400 கிராம் பையா பிரிச்சு, தட்டையா அமுக்கி, தேதி எழுதி ஃப்ரீசர்ல போடுங்க. உருண்டையா போட்டா இளக ஒரு நாள் ஆகும். வேலை முடிஞ்சு ஏழு மணிக்கு வந்து கல்லு மாதிரி கோழியைப் பார்த்தா கை தானா தாப்பாவ் ஆர்டர் பண்ணும். தட்டையா இருந்தா முந்தின ராத்திரி கீழ்த்தட்டுக்கு மாத்தினாப் போதும். உங்க 1,350-ல பெரும் பங்கு இந்த ஏழு மணி ஆர்டர்தான்னு நினைக்கிறேன். தாப்பாவை மொத்தமா நிறுத்தாதீங்க, பத்து நாள்ல உடைஞ்சிடும். வாரத்துல ரெண்டு நாள்னு முன்கூட்டியே நாள் குறிங்க.

பாத்திரம்: பிளாஸ்டிக் டப்பாவையும் மூடியையும் ஜோடி சேருங்க. ஜோடி இல்லாதது வெளிய. ரெண்டு பேருக்கு 3 லிட்டர் குக்கர் ஒண்ணு, விருந்தாளிக்கு 5 லிட்டர் ஒண்ணு, தோசைக்கல், ஒரு வாணலி, ஒரு குழம்புச் சட்டி. எவர்சில்வர் அடுக்குச் செட்டை அம்மாகிட்ட கேக்காம யாருக்கும் கொடுத்துடாதீங்க. அதுல குடும்ப அரசியல் இருக்கு.

துணி: ஒரு வருஷம் உடுத்தாததைத் தூக்கிப் போடுங்கன்னு குளிர்நாட்டுக்காரங்க சொல்றாங்க. நமக்கு வருஷம் பூரா ஒரே வெயில், ஒரே மழை. ஆறு மாசமே போதும். எல்லா ஹாங்கரையும் கொக்கி வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி மாட்டுங்க. உடுத்தித் துவைச்சதை மட்டும் நேரா மாட்டுங்க. ஆறு மாசம் கழிச்சும் திரும்பி நிக்கிறது வேண்டாத துணி. கோவில், கல்யாண உடுப்புக்கு இந்த விதி வேண்டாம்.

பட்டுப் புடவையைப் பிளாஸ்டிக் உறையில வைக்காதீங்க. உள்ள ஈரம் அடைச்சு வெள்ளை வெள்ளையா பூஞ்சணம் பூக்கும், ஜரிகை கறுக்கும். பழைய வெள்ளைப் பருத்தித் துணியில சுத்தி, மூணு மாசத்துக்கு ஒரு தடவை பிரிச்சு, மடிப்பை வேற இடத்துல மாத்தி மடிங்க. ஒரே மடிப்புல விட்டா அந்தக் கோட்டுலயே கிழியும். அந்துருண்டை ஜரிகையில படக்கூடாது. ஈரம் உறிஞ்சுற டப்பா வச்சா தண்ணி நிறைஞ்சிருக்கான்னு மாசா மாசம் பாருங்க. அது கவிழ்ந்தா புடவை போச்சு.

இப்ப அந்த ரூம். அட்டைப் பெட்டி முழுசா வெளிய போகணும், கரப்பானுக்கும் ராமபாணப் பூச்சிக்கும் அதுதான் வீடு. விக்கிறதை மூடா, கரோசல் மாதிரி பழைய பொருள் விக்கிற தளத்துல போடுங்க. 14 நாள் கெடு. போகலன்னா விலையைப் பாதியாக்குங்க, இன்னும் ஏழு நாள்ல போகலன்னா சும்மா கொடுத்திடுங்க. "வாங்கினப்ப 900 வெள்ளி" ன்னு நினைச்சுக்கிட்டே இருந்தா அது அந்த ரூம்லயே கிடக்கும். உங்க வாடகையை 850 அடிக்கு வகுத்தா ஒரு அடி மாசம் 1 வெள்ளி 65 சென். 80 அடி ரூமுக்கு மாசம் 130-க்கு மேல கொடுத்துக் குப்பையைக் குடி வச்சிருக்கீங்க.

பழைய சோபா, மெத்தையைக் குப்பைத் தொட்டி பக்கத்துல இறக்காதீங்க, அடுக்குமாடி நிர்வாகத்துகிட்ட பெரும் குப்பை எடுக்கிற நாளைக் கேளுங்க. பழைய மிக்சி, சார்ஜர், லேப்டாப் மின்கழிவு, அதுக்குத் தனிச் சேகரிப்பு மையம் இருக்கு.


தே_ஓ_கோசோங்:

அக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் மூன்றாவது அறையை விற்றால் ஆயிரமோ இரண்டாயிரமோ ஒருமுறை வரும், அவ்வளவுதான். உங்கள் வீட்டில் இடத்தை அதிகம் அடைத்துக்கொண்டிருக்கும் பொருள் கீழே பார்க்கிங்கில் நிற்கிறது.

மனைவி எங்கே வேலை செய்கிறார்? ரயில் பாதையில் இருந்தால் ஆக்சியா எதற்கு? ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, எத்தனை தவணை கட்டியாயிற்று?


செந்தூல்_குடித்தனம்:

அண்ணே, மனைவிக்கு கேஎல்சிசி பக்கம். எனக்கு ஷா ஆலம், அதனால் மைவி கட்டாயம். ஆக்சியா 9 ஆண்டு, நிலை வட்டி 3%. 48 தவணை கட்டியாயிற்று, 60 பாக்கி. அதன் காப்புறுதி ஆண்டுக்கு 850. பெட்ரோல், டோல், பார்க்கிங் 620-இல் ஆக்சியாவுக்கு மட்டும் 250.

அக்கா, அந்த 1 வெள்ளி 65 சென் கணக்கை மனைவியிடம் காட்டினேன். இரண்டு பேரும் பேசவில்லை சிறிது நேரம்.


தே_ஓ_கோசோங்:

செந்தூல் தீமோரில் எல்ஆர்டி ஏறி, மஸ்ஜித் ஜாமெக்கில் கெலானா ஜெயா தடத்துக்கு மாறினால் நேராக கேஎல்சிசி. மை50 பாஸ் 30 நாளைக்கு 50 வெள்ளி. எல்ஆர்டி, எம்ஆர்டி, மோனோரெயில், ரேபிட் கேஎல் பேருந்து எல்லாம் அதில் அடக்கம். கேடிஎம் கொமுட்டர் அடக்கமில்லை, செந்தூல் கேடிஎம் நிலையத்தில் ஏறினால் தனிக்காசு.

இனி விற்பனைக் கணக்கு. நீங்கள் சொன்ன எண்களை வைத்தால் கடன் ஏறக்குறைய 36,570, ஒன்பது ஆண்டு வட்டி 9,870, மொத்தம் 46,440. 60 தவணைக்கு 25,800 பாக்கி. முன்கூட்டி அடைத்தால் மீதிக் காலத்து வட்டி கழியும் என்று எல்லாரும் நினைப்பார்கள். காலத்தில் பாதிக்கு மேல் மீதி, ஆகவே வட்டியிலும் பாதிக்கு மேல், 5,480 கழியும் என்று தோன்றும். உங்களுடையதைப் போன்ற நிலை வட்டி ஒப்பந்தத்தில் '78 விதி' வேலை செய்கிறது. வட்டியை ஆரம்ப மாதங்களிலேயே அதிகமாக எடுத்துவிடுவார்கள். 60-ஐ 61-ஆல் பெருக்கி, அதை 108 பெருக்கல் 109-ஆல் வகுத்தால் 31%. கழிவது 3,070 மட்டும். அடைக்க வேண்டியது 22,730 சுமார்.

வங்கியிடம் கடனை அடைக்கும் தொகைக்குக் கடிதம் கேளுங்கள். அதில் செல்லுபடியாகும் தேதி இருக்கும். அந்தத் தேதிக்குள் விற்பனை முடியவில்லை என்றால் மறுபடி கேட்க வேண்டும். மூன்று இடத்தில் விலை கேளுங்கள். கார் வணிகர் உடனே காசு தருவார், விலை குறைவு. நேரடியாக வாங்குபவர் கூடுதலாகத் தருவார், ஆனால் அவருடைய வங்கிக் கடன் பாஸாகி, கார் பரிசோதனை முடிந்து, ஜேபிஜே-யில் (சாலைப் போக்குவரத்து இலாகா) பெயர் மாறும்வரை நீங்கள் தவணையை நிறுத்தக் கூடாது. விற்பவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். சாவியைக் கொடுத்துவிட்டோமே என்று தவணையை விட்டால் சிசிரிஸ் கடன் வரலாற்றுப் பதிவில் உங்கள் பெயர்தான் கெடும். 'நீ ஓட்டிக்கொண்டே கட்டு' என்று தெரிந்தவரிடம் காரைக் கொடுப்பதும் வேண்டவே வேண்டாம். சம்மனும் உங்களுக்கு, கடனும் உங்களுக்கு.

விலை 22,730-க்குக் கீழே நின்றால் வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டும். 2,000 போட நேர்ந்தாலும் கணக்கு நிற்கிறது: தவணை 430, ஓட்டும் செலவு 250, ஆண்டுச் செலவில் ஆக்சியாவின் பங்கு மாதம் 150. பாஸுக்கு 50 கழித்தால் மாதம் 780 மிச்சம். மூன்றே மாதத்தில் அந்த 2,000 திரும்பிவிடும். பெயர் மாறியதும் காப்புறுதியை ரத்து செய்து, கோரிக்கை எதுவும் எடுத்திராவிட்டால் மீதி நாளுக்குப் பணம் கேளுங்கள். என்சிடி (கோரிக்கை எடுக்காததற்கான கழிவு) காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம்.

வாரக் கடைசியில் மளிகைக்கு மைவி இருக்கிறது. மழை நாளில் கிராப் பிடித்தால் பிடிக்கட்டும். 780 வெள்ளிக்கு நிறைய கிராப் வரும்.


பாலிசி_படிப்பவன்:

காப்புறுதியைப் பற்றி யாரும் தொடவில்லை, நான் சொல்கிறேன். அவசரப்பட்டு எதையும் நிறுத்தாதீர்கள்.

பாலிசிப் புத்தகத்தில் முதல் சில பக்கத்திலேயே பயன் அட்டவணை இருக்கும். மருத்துவ அட்டை எது, ஆயுள் எது, கடும் நோய் எது என்று மூன்று நிறத்தில் கோடு போடுங்கள். மருத்துவ அட்டை உண்மைச் செலவைத்தான் கொடுக்கும். ஒரே ஆளுக்கு இரண்டு அட்டை இருந்தால் இரட்டிப்பாக வராது, அங்கே ஒன்று வீண். ஆயுளும் கடும் நோயும் ஒவ்வொரு பாலிசியும் தனித்தனியாகக் கொடுக்கும்.

ஒருவருக்கு ஒரே அட்டைதான் என்றால் நிறுத்த வேண்டாம். விலை கூடுகிறது என்றால், முதல் பகுதியை நீங்களே கட்டும் திட்டத்துக்கு மாற முடியுமா என்று அதே நிறுவனத்தில் கேளுங்கள். புதிய பாலிசிக்குத் தாவினால் பொதுவாக 30 நாள், சில நோய்களுக்கு 120 நாள் காத்திருப்புக் காலம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். இடையில் வந்த இரத்த அழுத்தம், சர்க்கரையைப் 'முன்பே இருந்த நோய்' என்று ஒதுக்கிவிடுவார்கள். புதியது கைக்கு வந்து, காத்திருப்பு முடியும்வரை பழையதற்குக் கட்டுங்கள். கம்பெனி கொடுக்கும் அட்டை வேலையோடு போய்விடும், அதை நம்பிச் சொந்த அட்டையை விடாதீர்கள்.

காய்ச்சல், இருமலுக்கு அட்டையும் வேண்டாம், தனியார் கிளினிக் 80 வெள்ளியும் வேண்டாம். அரசு கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு 1 வெள்ளி. காலையில் சீக்கிரம் போனால் சரி.

ஃபிளெக்சிபல் கேள்விக்கு: எடுத்துப் போடுங்கள். இபிஎஃப் 2024-க்கு 6.3% கொடுத்தது, கார்டு 18% எடுக்கிறது. 3,100-க்கு ஆண்டு வித்தியாசம் 360-க்கு மேல். இதில் யோசிக்க ஒன்றுமில்லை.


கணக்குப்பிள்ளை_கேஎல்:

யோசிக்க இருக்கிறது. எண் சரிதான், ஆனால் மாதம் 360 ஒழுகும் பானையில் 3,100-ஐ ஊற்றினால் கார்டு மெல்ல மெல்லப் பழையபடி 7,800-க்கே வரும், ஃபிளெக்சிபலும் காலி. முதலில் ஒழுகல் நிற்கட்டும். மூன்று ஸ்டேட்மெண்டில் புதிதாக ஒரு சென்கூடத் தேய்க்கவில்லை என்றால் எடுங்கள். பொறுப்பதால் நட்டம் மாதம் 30, மூன்று மாதத்துக்கு 90. பரீட்சைக் கட்டணமாக வைத்துக்கொள்ளலாம்.


பாலிசி_படிப்பவன்:

ஒழுகும் பானை என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் இழுக்காதீர்கள்.


செந்தூல்_குடித்தனம்:

எல்லாருக்கும் நன்றி. ஆக்சியாவுக்கு வங்கிக் கடிதம் கேட்டிருக்கிறோம். பே லேட்டர் இன்னும் நான்கு மாதம், மொத்தம் 960. கூட்டில் 12 பேர், இரண்டு மாதம் கழித்து எங்கள் முறை, 2,400 வரும். அதை விட்டுவிடலாமா? சம்பளம் 27-ஆம் தேதி வருகிறது, எந்த வரிசையில் பிரிப்பது?

அக்கா, கடைசியாக ஒன்று. கல்யாணப் பரிசாக வந்த 2 லிட்டர் கிரைண்டரை விற்கலாமா கூடாதா என்று இங்கே சண்டை.


கணக்குப்பிள்ளை_கேஎல்:

நடுவில் விட்டால் மற்ற பதினொரு பேருக்கும் சங்கடம், உங்கள் பெயரும் கெடும். இந்தச் சுற்றை முடியுங்கள், அடுத்ததில் சேராதீர்கள். கூட்டைத் தொழிலாக நடத்துவது 1971-ஆம் ஆண்டுக் கூட்டு நிதி தடைச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் ஆங்கிலப் பெயரிலேயே நம் 'கூட்டு' இருக்கிறது. நடத்துபவர் ஓடிவிட்டால் கட்டிய காசைத் திரும்பப் பெறுவது குதிரைக்கொம்பு. முதலில் எடுப்பவருக்கு அது வட்டியில்லாக் கடன், கடைசியில் எடுப்பவருக்கு ஆபத்து மட்டும். 2,400 வரும் நாளில் 960-இல் மீதி இருப்பதை அடைத்துவிட்டு, 1,000-ஐ ஒதுக்கி, மிச்சத்தைக் கார்டில் போடுங்கள். அந்த 1,000 வேறொரு வங்கியில், கார்டும் செயலியும் இல்லாத கணக்கில் இருக்கட்டும். டயர் வெடித்தால் கிரெடிட் கார்டுக்குக் கை போகாமல் இருக்க அது வேண்டும்.

பிரிப்பது: 27-ஆம் தேதி சம்பளம், 28-ஆம் தேதி எல்லாம் தானாக நகர வேண்டும். ஆக்சியா போனபின் ஆண்டுச் செலவு 550-இலிருந்து 400 ஆகும், அதை 'ஆண்டு' என்று தனிக் கணக்குக்கு மாற்றுங்கள். காப்புறுதியும் தீபாவளியும் அங்கிருந்துதான். கார்டுக்கு 390 மட்டும் போதாது. குறைந்துகொண்டிருந்த 360-ஐ 780-இல் கழித்தால் 420 கையில் நிற்கும், அதையும் சேர்த்து 810 கட்டுங்கள். கூட்டுப் பணமோ ஃபிளெக்சிபலோ தொடாமலே 11 மாதத்தில் தீரும், வட்டி 690 சுமார். சாப்பாட்டுக்கு வாரம் 300 டெபிட் கணக்குக்கு, சனிக்கிழமை தோறும். வியாழனன்று தீர்ந்துவிட்டால் அக்கா சொன்ன ஃப்ரீசர் இருக்கிறது.

கார்டு தீரும் முன் யாருக்காவது வேலை போனால் வங்கி கூப்பிடும்வரை காத்திருக்காமல் ஏகேபிகே என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போங்கள். மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்தது, ஆலோசனைக்குக் காசில்லை. கடன் நிர்வாகத் திட்டத்தில் சேர்ந்தால் மாதத் தொகையைக் குறைத்துத் தருவார்கள், ஆனால் கார்டுகள் முடங்கும், திட்டம் முடியும்வரை புதுக் கடன் எடுக்க முடியாது. ஒரு கடனை அடைக்க இன்னொன்றை வாங்கும் நிலையில் இருப்பவருக்கு அந்த முடக்கமே நல்லது. காசு கேட்டு வரும் 'ஏஜெண்டு'களிடம் போகாதீர்கள்.

கார்டு தீர்ந்த மாதத்திலிருந்து அதே 810 அவசர நிதிக்கு, மூன்று மாதச் செலவு சேரும்வரை. வங்கியில் வைத்தால் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 250,000 வரை பிஐடிஎம் வைப்புத்தொகைப் பாதுகாப்பு உண்டு. இ-வாலட்டுக்குள் இருக்கும் பணச்சந்தை நிதிக்கு அது கிடையாது. ஏஎஸ்எம் (அமானா சஹாம் மலேசியா) முதலீட்டு யூனிட் ஒரு வெள்ளி விலையில் நல்லதுதான், ஆனால் நம்மவர் ஒதுக்கீடு பெரும்பாலும் நிறைந்தே இருக்கும். யாராவது விற்றால்தான் செயலியில் கிடைக்கும். கிடைக்கும்போது வாங்குங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.


வெற்று_அலமாரி:

கிரைண்டர் சண்டைக்கு வர்றேன். போன மாசம் எத்தனை தடவை ஓடுச்சு? நாலுக்கு மேலன்னா வைங்க. ரெண்டு தடவைன்னா வித்திடுங்க, மிக்சி போதும். கிரைண்டர்ல நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. மிக்சியில சூடேறி உளுந்து பொங்காது, அதனால மூணுக்கு ஒண்ணு போடுங்க. ஐஸ் தண்ணி விட்டு, அரை ஜாருக்கு மேல நிரப்பாம, ஒரு நிமிஷம் ஓட்டி ஒரு நிமிஷம் நிறுத்தி அரைங்க. இந்த ஊர்ச் சூட்டுக்கு ராத்திரி எட்டு மணி நேரம் புளிச்சாப் போதும், அதுக்கு மேல விட்டா காலையில மேசை பூரா மாவு வழிஞ்சு கிடக்கும்.

விக்கிறதா இருந்தா கல்லையும் டிரம்மையும் கழுவிக் காய வச்சு, மாவு அரைக்கிற சின்ன வீடியோ ஒண்ணு எடுத்து விளம்பரத்துல போடுங்க. தீபாவளிக்கு ஒரு மாசம் முன்னாடி போட்டா அன்னைக்கே போயிடும்.